என்ஜினைக் கழுவலாமா? முதலில் டார்ச் லைட்டை எடுங்கள்

கேள்வி: என்னுடையது 9 வருடப் பெட்ரோல் கார். 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பானட்டைத் திறந்தால் என்ஜின் முழுக்க ஆயில் பிசுக்கும் அதன்மேல் புழுதியும் அப்பிக் கிடக்கிறது. வாட்டர் வாஷ் கடையில் மண்ணெண்ணெய் அடித்து பிரஷரில் கழுவித் தருகிறேன் என்கிறார்கள். என்ஜினில் தண்ணீர் பட்டால் ஈசிஎம் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) போய்விடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். நானே வீட்டில் கழுவ முடியுமா? – திருப்பூர் வாசகர்

பதில்: முடியும். அரை நாள் ஒதுக்கினால் போதும். ஆனால் வாளியைத் தூக்குவதற்கு முன் ஒரு டார்ச் லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய சொல் ‘ஆயில் பிசுக்கு’. நல்ல நிலையில் இருக்கிற என்ஜினில் புழுதிதான் படியும், ஊதினால் பறக்கும். பிசுக்கு இருக்கிறதென்றால் எங்கிருந்தோ ஆயில் வெளியே வருகிறது. அதைப் பார்க்காமல் கழுவிவிட்டால் தடயத்தையும் சேர்த்துக் கழுவிவிடுகிறோம்.

கசிந்த ஆயில் கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கமும் தள்ளும். அதனால் பிசுக்கு அதிகமாக இருக்கும் இடத்தைப் பார்த்துப் பயனில்லை. ஈரமாக இருக்கிற இடங்களிலேயே எது மிக உயரத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். உங்கள் வண்டியின் வயதுக்குப் பெரும்பாலும் அது என்ஜினின் உச்சியை மூடியிருக்கும் டேப்பட் கவரின் ஓரமாக இருக்கும். அங்கே உள்ள ரப்பர் பேக்கிங் வருடக்கணக்கில் சூடு தாங்கி இறுகிப்போய், விரலால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும். நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சூடானதும் கருகிய ஆயில் வாசனையோ, பானட்டுக்குள்ளிருந்து மெல்லிய புகையோ வந்தால், என்ஜினிலிருந்து சூடான புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு குழாயில் ஆயில் சொட்டுகிறது என்று அர்த்தம். அப்படியானால் கழுவுவதைத் தள்ளிவைத்துவிட்டு நேரே மெக்கானிக்கிடம் போங்கள். தீப்பிடிக்க வாய்ப்புள்ள விஷயம் அது.

அடுத்தது மண்ணெண்ணெய். தயவுசெய்து வேண்டாம். 40 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே அது பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கும்; வெயிலில் நின்ற வண்டியின் பானட்டுக்குள் அந்தச் சூடு சாதாரணம். ஸ்பிரே கன்னில் புகை மாதிரி அடிக்கும்போது இன்னும் எளிதாகப் பற்றும். அது போக, ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட் போன்றவற்றில் உள்ள ரப்பர் மண்ணெண்ணெயிலும் டீசலிலும் ஊறி உப்பிவிடும். கழுவிய அன்று பளபளக்கிற அந்த எண்ணெய்ப் படலம் அடுத்த வாரமே இரண்டு மடங்கு புழுதியைப் பிடித்து வைத்திருக்கும். பெட்ரோலைப் பற்றிப் பேசவே வேண்டாம். தண்ணீரில் கலக்கும் டிகிரீசர் (பிசுக்கைக் கரைக்கும் திரவம்) உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் திடமாகக் கலக்காதீர்கள். காரம் கூடினால் அலுமினிய பாகங்களில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், பிறகு அது போகாது.

உங்கள் நண்பர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. மழையில் ஓடும்போது பானட்டுக்குள் தண்ணீர் தெறிக்கத்தான் செய்கிறது. அதைத் தாங்கும்படிதான் ஈசிஎம் பெட்டியையும் வயர்களை இணைக்கும் கப்ளர்களையும் ரப்பர் சீலோடு செய்கிறார்கள். அந்த சீல் கீழிருந்து தெறிக்கும் சாரலைத் தாங்கும். அரை அடி தூரத்திலிருந்து பிரஷர் கன்னில் பீய்ச்சுகிற தண்ணீரை, அதுவும் 9 வருடம் வெந்துபோன சீல், தாங்காது.

இதை நான் என் சொந்த வண்டியில் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வாட்டர் வாஷ் கடையில் என்ஜினைப் பிரஷரில் கழுவி வாங்கி வந்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை வண்டி மிஸ்ஸிங் அடித்தது (என்ஜின் விட்டுவிட்டு ஓடியது), செக் என்ஜின் லைட் கண் சிமிட்டியது. ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் அந்த ஆழமான குழிக்குள் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. காயிலின் ஸ்பிரிங்கில் துரு ஏறியிருந்தது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் காய்ந்து பளிச்சென்று இருந்தது. குழிக்குள் மட்டும் தண்ணீர் போகவும் வழியில்லாமல், காயவும் வழியில்லாமல் கிடந்திருக்கிறது. ஒரு காயில் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து என்ஜின் மேல் பிரஷர் கன்னைக் காட்ட நான் யாரையும் விடுவதில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். காலை வேளையில், என்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். சூடான என்ஜினில் டிகிரீசர் அடித்த வேகத்தில் காய்ந்து கறையாகும். கொதிக்கிற மேனிஃபோல்டில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடவும் கூடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பானட்டுக்குள் எலி வந்து போகாத வண்டி நம் ஊரில் குறைவு, அதன் மூத்திரத்தால் எலிக் காய்ச்சல் வரும். காய்ந்த இலை, எலி சேர்த்த பஞ்சு எல்லாவற்றையும் முதலில் பொறுக்கி எடுத்துவிடுங்கள். வைப்பர் அடியில் உள்ள தட்டில் தண்ணீர் வடியும் துளையையும் பாருங்கள், வேப்பிலையும் புங்கம்பூவும் அங்கேதான் அடைத்துக் கிடக்கும்.

பேட்டரியில் நெகட்டிவ் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பானர் தவறி பாடியில் பட்டதும் பொறி பறக்கும். டெர்மினலில் வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கரைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போய்விடும். பிறகு டைனமோ, ஃபியூஸ் பாக்ஸ், ஈசிஎம், காயில்கள், ஏர் ஃபில்டருக்குக் காற்று போகும் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் கவரால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஆயில் மூடி, டிப்ஸ்டிக், பிரேக் ஆயில் டப்பா மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கையால் தொட்டுப் பாருங்கள். பிரேக் ஆயிலில் தண்ணீர் கலப்பது உயிரோடு விளையாடுவது.

கெட்டியான பிசுக்கை முதலில் பனியன் வேஸ்டால் துடைத்தெடுங்கள். திருப்பூரில் இருந்துகொண்டு அதற்குப் பஞ்சமிருக்காது. பாதி அழுக்கு இதிலேயே வந்துவிடும், சாக்கடைக்குப் போகும் ஆயிலும் குறையும். அப்புறம் டிகிரீசரைக் கீழ்ப்பகுதியிலிருந்து மேல்நோக்கி அடியுங்கள். மேலிருந்து அடித்தால் வழிந்த இடமெல்லாம் கோடு விழும். 3 அல்லது 5 நிமிடம் ஊறட்டும், காயவிடாதீர்கள். ஒரு அங்குல பெயின்ட் பிரஷால் மூலைமுடுக்கெல்லாம் தேய்த்து, செடிக்கு மருந்தடிக்கும் 2 லிட்டர் கை ஸ்பிரேயரில் நல்ல தண்ணீர் பிடித்துக் கழுவுங்கள். ஒரு முழு என்ஜினுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் தாராளம். மூடிவைத்த பாகங்களை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கவர்களை எடுத்ததும் காய வைக்கிற வேலை. கழுவியதைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். ப்ளோயர் இருந்தால் கப்ளர்களைச் சுற்றியும் காயில்களைச் சுற்றியும் காற்றடியுங்கள். காயில்களைக் கழற்றி மாட்டத் தெரியுமென்றால் கழற்றி, குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே தண்ணீருக்குப் பதில் ஆயில் தெரிந்தால் குழிக்குள் ஆயில் புகாமல் தடுக்கும் பிளக் டியூப் சீலும் போய்விட்டது, டேப்பட் கவர் பேக்கிங் மாற்றும்போதே அதையும் மாற்றச் சொல்லுங்கள். பானட்டைத் திறந்துவைத்து ஒரு மணி நேரமாவது வெயிலில் விட்டு, நெகட்டிவ் டெர்மினலைக் கடைசியாக மாட்டி, பத்து பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். பேட்டரி கழற்றியதால் ஐடில் (வண்டி நிற்கும்போது என்ஜின் ஓடும் வேகம்) கொஞ்ச நேரம் ஏறி இறங்கலாம், ஈரத்தால் பெல்ட் கீச்சிடலாம். இரண்டும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். மிஸ்ஸிங் இருந்தால் மட்டும் வண்டியை எடுக்காமல் நிறுத்தி, காயில் பக்கம் மறுபடி காய வையுங்கள். பளபளப்புக்காக விற்கும் சிலிகான் ஸ்பிரேயைத் தவிர்ப்பது நல்லது. பெல்ட்டில் பட்டால் வழுக்கும்.

இது பெட்ரோல் காருக்குச் சொன்னது. ஆரஞ்சு நிற வயர் ஓடும் ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் இதைச் செய்யாதீர்கள், அந்த வயரில் உயிர் போகும் வோல்டேஜ் இருக்கிறது.

கழுவிய பிறகு ஒரு 200 கி.மீ. ஓட்டுங்கள். பிறகு அதே டார்ச் லைட்டோடு வந்து, எடுத்துவைத்த படங்களை வைத்துக்கொண்டு டேப்பட் கவர் ஓரத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் புதிதாக ஆயில் ஒட்டினால் அந்த இடத்தைப் படமெடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கசியும் இடத்தைத் தேடும் வேலை அவருக்கு மிச்சம்.