ஆறு மணி டின்னரும் எட்டரை மணிப் புட்டும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். திருகோணமலையிலிருந்து குடும்பத்தோடு ரொறன்ரோ ஸ்காபரோவுக்கு வந்து ஐந்து மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். குளிருக்கு என்ன சப்பாத்து வாங்குவது, கார் இப்போதே வேண்டுமா, வாடகை குறைவாக எந்தப் பக்கம் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போய், கடைசியில் ஒரு வரி: "15 வயது மகன் இரவில் எங்களோடு இருந்து சாப்பிடுகிறான் இல்லை. நீங்கள் வைப்பது டின்னரே இல்லை என்கிறான். என்ன செய்யலாம் அண்ணை?"

சப்பாத்தும் காரும் யாரும் சொல்லுவார்கள். சப்பாத்தை மட்டும் மலிவு விலையில் வாங்க வேண்டாம், அவ்வளவுதான். வாடகை குறைவாக எங்கேயும் இல்லை. நான் அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் நான் நன்றாக மூக்குடைபட்டவன்.

இதை எழுதுவது திருகோணமலை உப்புவெளியில், அம்மா வீட்டு விறாந்தையில் இருந்து. ஜூலை விடுமுறைக்கு மகளோடு வந்திருக்கிறேன். கச்சான் காற்று அடித்துக் கதவெல்லாம் படபடக்கிறது. மகளுக்கு 16 வயது. ஊருக்கு வந்து அவள் கண்டுபிடித்த ஒரு விஷயத்தால்தான் உங்களுக்குப் பதில் எழுதும் யோக்கியதை எனக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கனடா வந்தது 2001 பெப்ரவரி. ஐந்து பெடியங்களோடு ஒரு நிலவறையில் இருந்தேன். வீட்டுக்காரரும் நம்முடைய ஆள்தான், ஆனால் இரவு எட்டு மணிக்குப் பிறகு அடுப்பு மூட்டக்கூடாது, மீன் பொரிக்கவே கூடாது என்று சட்டம் போட்டிருந்தார். எனக்கு வேலை ஒரு பாண் தொழிற்சாலையில், பின்னேர ஷிஃப்ட். எங்கள் துறைமுகத்தடியில் பிறிமா மா ஆலையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன், அத்தனை கடல் தாண்டிப் போய் மறுபடியும் மாவுக்குள்தான் விழுந்தேன். வேலை முடிந்து வந்தால், ஞாயிற்றுக்கிழமை சமைத்து வைத்த கோழிக்கறியையும் சோற்றையும் மைக்ரோவேவில் சூடாக்கிப் பால் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்து தின்ன வேண்டும். ஒருநாள் ஆசை அடக்க முடியாமல் சூடை மீன் பொரித்தேன். தாச்சியில் போட்டு இரண்டு நிமிஷம் ஆகவில்லை, புகைமணி அலறத் தொடங்கிவிட்டது. நான் உடுத்திருந்த சாரத்தை அவிழ்த்து அந்த மணிக்குக் கீழே விசுக்கிக்கொண்டு நிற்கிறேன், வீட்டுக்காரரின் மனைவி படியால் இறங்கி வருகிறா. அதற்கு மேல் அந்தக் கதை வேண்டாம்.

அந்தக் காலத்தில் என்னோடு வேலை செய்த இத்தாலிக்காரர் ஒருவர் ஒரு ஞாயிறு தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். நீளமான மேசை, பாட்டியிலிருந்து பேரப்பிள்ளை வரை பன்னிரண்டு பேர் சுற்றியிருந்து இரண்டு மணித்தியாலம் சாப்பிட்டுக்கொண்டு, கத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டு. கலியாணம் கட்டினால் என் வீட்டிலும் இப்படித்தான் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். கட்டிய பிறகு முதல் வாங்கிய தளபாடமும் மேசைதான். யாரோ வீட்டு வாசலில் வைத்து விற்றது, நாற்பது டொலர், ஆறு கதிரை, ஒன்றின் கால் ஆடும்.

இனி என் பிழையைக் கேளுங்கள். மேசை இத்தாலிக்காரருடையது, அதில் வைக்கும் சாப்பாடு திருகோணமலையுடையது, சாப்பிடும் நேரம் பாண் தொழிற்சாலையுடையது. எட்டேகாலுக்கு நான் வருவேன், எட்டரைக்குப் புட்டு அவிந்திருக்க வேண்டும், மீன் குழம்பு, சொதி, சம்பல். எல்லாரும் மேசையில் இருக்க வேண்டும், கையால் சாப்பிட வேண்டும், தமிழில் கதைக்க வேண்டும். இதற்கு "நம்முடைய பண்பாடு" என்று பெயரும் வைத்துவிட்டேன்.

மகனுக்கு 14 ஆனபோது அது உடைந்தது. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பதினொன்றரைக்கே முடிந்துவிடும். நாலு மணிக்குப் பசியில் கண் இருண்டு வந்து இரண்டு பைக்கற் நூடில்ஸ் அவித்துத் தின்பான். எட்டரைக்குப் புட்டை முன்னால் வைத்தால் பார்த்துக்கொண்டிருப்பான். "டின்னர் எண்டால் ஆறு மணி அப்பா. இது மிட்நைட் ஸ்நாக்" என்றான் ஒருநாள். புட்டை ஸ்நாக் என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் விட்டேன். வீட்டில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. வேலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று நினைத்தார்களாம்.

அவன் சொன்ன ஆறு மணிக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை எனக்கு அப்போது யாரும் சொல்லித்தரவில்லை. எங்கள் ஊரில் வருஷம் முழுக்கப் பொழுது ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில்தான் படும். விளக்கு வைத்து, பிள்ளைகள் படித்து, அப்புறம் எட்டு, ஒன்பதுக்குச் சாப்பாடு. ரொறன்ரோவில் டிசம்பரில் நாலே முக்கால் அளவிலேயே பொழுது பட்டுவிடும், ஜூனில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம். சூரியனைப் பார்த்து அங்கே சாப்பிட முடியாது, மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். கனடாக்காரருக்கு நாளின் பெரிய சாப்பாடு பின்னேரம். எங்களுக்குப் பெரிய சாப்பாடு மத்தியானம், சோறு கறி. இரவுக்கு இடியப்பமோ புட்டோ பாணோ, மத்தியானக் குழம்பு மிச்சத்தோடு. யோசித்துப் பார்த்தால் பெடியன் ஸ்நாக் என்றதில் கால்வாசி உண்மை இருக்கிறது. இதை அவனிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

அடுத்தது மகள். ஏழாம் வகுப்பில் கனடா உணவு வழிகாட்டியைப் படிப்பித்திருக்கிறார்கள். 2019இல் வந்தது, ஒரு கோப்பைப் படம், சாப்பாட்டுத் தட்டு: பாதி மரக்கறியும் பழமும், கால்வாசி முழுத்தானியம், கால்வாசி புரதம். அந்தப் படத்தைக் கொண்டுவந்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். என் கோப்பையில் முக்கால்வாசி சோறு, மிச்சத்தில் மீன், ஓரத்தில் ஒப்புக்கு ஒரு கரண்டி வறை. "அப்பா, உங்கட டின்னர் ஃபெயில்" என்றாள். அதே வழிகாட்டியில் மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுங்கள் என்றும் ஒரு வரி இருக்கிறது. நான் அதைத் தூக்கிக் காட்டினேன். "எத்தினை மணிக்கு எண்டு அதில இல்லையே, சொதியோட எண்டும் இல்லையே" என்றாள். மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

எச்சரிக்கையாகச் சொல்ல எனக்கு மூன்று விஷயம் இருக்கிறது, அதில் முதலாவது பெரியது. சாப்பாட்டு மேசையை நீதிமன்றம் ஆக்காதீர்கள். நான் ஆக்கினேன். நாள் முழுக்கப் பிள்ளையைக் காணாத தகப்பன், காணும் அந்த இருபது நிமிஷத்தில் "கணக்கில எத்தினை மாக்ஸ்?", "ஏன் அந்தப் பெடியனோட திரியிறாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தால், பிள்ளைக்குப் பசி எப்படி வரும்? மகன் ஓடியது புட்டிலிருந்து என்று நான் மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஓடியது என்னிடமிருந்து. உங்கள் மகனும் எதைச் சாப்பாடில்லை என்கிறான் என்று ஒருதரம் பாருங்கள். கோப்பையில் இருப்பதையா, மேசையில் நடப்பதையா?

இரண்டாவது, கை ஓங்க வேண்டாம். ஊரில் அகப்பைக்காம்பால் அடி வாங்கி வளர்ந்தோம் என்பதெல்லாம் சரி. கனடாவில் பதின்ம வயதுப் பிள்ளையை அடித்துவிட்டுத் திருத்துவதற்காக என்று சாக்குச் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றமே 2004இல் அதைச் சொல்லிவிட்டது. நான் அடிக்கவில்லை, ஆனால் ஒரு நாள் கோப்பையைத் தூக்கிச் சிங்குக்குள் எறிந்தேன். சம்பல் சுவரில் பட்ட அடையாளம் வெள்ளை அடிக்கும்வரை இருந்தது.

மூன்றாவது, மற்றக் குடும்பங்களின் கதையை நம்பாதீர்கள். கலியாண வீடுகளில் சந்திப்பீர்கள். "எங்கட பிள்ளைகள் புட்டு இல்லாமல் படுக்கமாட்டினம், நாங்கள் ஒவ்வொரு நாளும் ஒண்டாத்தான் சாப்பிடுறது" என்பார்கள். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில், அப்படிச் சொன்ன ஒருவரின் வீட்டுக்குப் போயிருக்கிறேன். எட்டுக் கதிரை போட்ட பளபளக்கிற மேசை, மேலே பிளாஸ்டிக் விரிப்பு, அதற்கு மேலே தூசி. சாப்பிடுவதெல்லாம் கீழே நிலவறையில், ரீவிக்கு முன்னால், வெள்ளிக்கிழமையானால் வாங்கிவந்த கொத்துரொட்டி. நான் குற்றம் சொல்லவில்லை, வேலை அப்படி. ஆனால் பொய் ஏன்? இன்னொன்றும் இருக்கிறது, இதற்கும் டின்னருக்கும் சம்பந்தமில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். இவர்கள் என்னைக் கண்டவுடன் கேட்பது, "யாழ்ப்பாணத்தில எவடம்?" திருகோணமலை என்றால், "ஓ, கோணேசர் கோயிலடி" என்று ஒரு தலையாட்டல். இருபத்திச் சொச்ச வருஷமாக இதே கேள்வி. உங்களுக்கும் வரும், பழகிக்கொள்ளுங்கள்.

சரி, மகள் கண்டுபிடித்த விஷயம். ஊருக்கு வந்த மூன்றாம் நாள் இரவு. அம்மா ஏழு மணிக்கு இரண்டு துண்டுப் பாணும் சம்பலும் எடுத்துக்கொண்டு நாடகம் பார்க்க இருந்துவிட்டா. என் தம்பியின் மனைவி பிள்ளைக்குத் தீத்திக்கொண்டு முற்றத்தில் நடக்கிறா. தம்பி ஒன்பதரைக்குக் கடை பூட்டி வந்து, மூடி வைத்த கோப்பையைத் திறந்து, போனைப் பார்த்தபடி சாப்பிடுகிறான். மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, நீங்கள் சொன்ன அந்த ஃபேமிலி டின்னர் எப்ப தொடங்கும்?"

நான் ஏதோ சொல்லி மழுப்பப் பார்த்தேன். அவள் விடாமல் அப்பம்மாவிடம் போய், அப்பா சின்ன வயதில் உங்களோடு எத்தனை மணிக்குச் சாப்பிடுவார் என்று கேட்டாள். அம்மா ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னா: "ஆரு, உங்கட அப்பாவோ? அவன் எந்த நாள் எங்களோட இருந்து சாப்பிட்டவன்? ஒழுங்கை முனையில பெடியங்களோட நிண்டிட்டு ஒம்பது மணிக்கு வந்து, குசினிக்குள்ள நிண்டபடி தின்னிட்டுப் போவான்."

உண்மைதான் தம்பி. எங்கள் வீட்டில் அப்பா முதல், பிறகு வந்த வந்த ஒழுங்கில் பிள்ளைகள், எல்லாரும் முடிய அம்மா, சட்டியில் ஒட்டிய குழம்பில் சோற்றைப் பிரட்டி. எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டது பொங்கலுக்கு, வருஷப் பிறப்புக்கு. அப்புறம் 1990இல் போரால் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்த நாட்களில். அங்கே ஒரே வரிசை, ஒரே நேரம், பருப்பும் சோறும். அதற்கு நாங்கள் டின்னர் என்று பெயர் வைக்கவில்லை. ஊரில் இல்லாத ஒன்றை இத்தாலிக்காரர் வீட்டில் பார்த்துவிட்டு, அதைத்தான் ஊர்ப் பழக்கம் என்று பிள்ளைகளோடு பத்து வருஷம் சண்டை பிடித்திருக்கிறேன். மகன் எங்களோடு ஊருக்கு வரவில்லை, அவனுக்கு இப்போது 19, கோடை வேலை. மகள் அன்றிரவே அவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். அவனிடமிருந்து சிரிக்கிற முகம் ஏழு வந்தது, எண்ணிக் காட்டினாள்.

எங்கள் வீட்டில் இப்போது எப்படி என்று கேட்பீர்கள். ஞாயிறு ஆறு மணி, அவர்களுடைய நேரம், என் மெனு. செவ்வாய் என் நேரம், அவர்களுடைய சமையல். ஒரு செவ்வாய் பாஸ்ரா செய்து அதில் சூரைமீன் ரின்னைக் கொட்டிப் பச்சைமிளகாய் வெட்டிப் போட்டார்கள், நன்றாகவே இருந்தது. போன்கள் இடியப்பப் பெட்டிக்குள், என்னுடையதும்தான். இதில்தான் எனக்கு அதிகக் கஷ்டம், சாப்பிடும்போது ஊர்ச் செய்தி பார்த்துப் பழகிவிட்டது. மாக்ஸ் கேட்கக்கூடாது. மிச்ச நாட்களில் அவரவர் பசிக்கு அவரவர். மேசைக்கு முள்ளுக்கரண்டி வேண்டுமா இல்லையா என்ற சண்டை இன்னும் தீரவில்லை, புட்டு ஸ்நாக்கா என்பதும் தீரவில்லை.

நீங்கள் பின்னேர ஷிஃப்ட் என்றால் பகலுக்கு மாற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் மகன் வரும் நாலு மணிக்கே மனைவி புட்டை அவிக்கட்டும், நூடில்ஸ் பைக்கற் வாங்குவதை நிறுத்துங்கள். பசியில் வருகிறவன் எதையும் டின்னர் என்பான்.

இங்கே ஆறு மணி ஆகிவிட்டது. மகள் இன்றைக்கு ஃபேமிலி டின்னர் நடத்திக் காட்டுகிறேன் என்று காலையிலிருந்து ஒற்றைக்காலில் நிற்கிறாள். தம்பியைக் கடை பூட்டி வரச்சொல்லியாயிற்று, விறாந்தையில் இரண்டு மேசையை ஒட்டிப் போட்டாயிற்று, பாரைமீன் குழம்பு வாசம் வருகிறது. அம்மா மட்டும் சாமியறை வாசலில் நின்றுகொண்டு, "விளக்கு வைக்கிற நேரத்தில ஆரும் தின்னுவினமோ?" என்று கேட்கிறா. மகள் மணிக்கூட்டைக் காட்டுகிறாள். இரண்டு பேரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் போகிறேன்.