ஜூவலின் கல்லாப்பெட்டி

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். லாஸ் ஏஞ்சலிஸில் ‘கேட்ச் ஒன்’ என்னும் நடன விடுதியை நாற்பதாண்டுகளுக்கும் மேலாக நடத்திய ஜூவல் தாயிஸ் வில்லியம்ஸ் பற்றித் தாங்கள் எழுதிய அஞ்சலிக் குறிப்பைப் படித்தேன். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு அவர் செய்த உதவிகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரைச் சமூகத் தொண்டர் என்று தாங்கள் குறிப்பிட்டதை ஏற்க முடியவில்லை. மது விற்ற பணத்தில் ஒரு பகுதியைத் தருமத்துக்கு ஒதுக்குவது, நம்மூரில் சாராயக்கடையை ஏலம் எடுத்தவர் கோயிலுக்குத் தேர் செய்து கொடுப்பதைப் போன்றதுதானே? அதிலும் அவருடைய வாடிக்கையாளர்கள் குடும்பத்தால் ஒதுக்கப்பட்டுத் தனிமையில் தவித்த பால்புதுமையினர் (தன்பால் ஈர்ப்பாளர்கள், திருநங்கையர் போன்றோர்). அந்தத் தவிப்பை வைத்துச் சம்பாதித்துவிட்டு, அவர்களுக்கே கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார் என்று சொன்னால் தவறாகுமா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று மதுவைப் பற்றியது. மற்றது, தவிப்பவர்களிடம் வணிகம் செய்ததைப் பற்றியது. இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால்தான் முதலாவதன் உண்மையான கடுமை புலப்படும்.

அன்றைய அமெரிக்காவில் தன்பால் ஈர்ப்பாளர்கள் அச்சமின்றிக் கூடுவதற்கு மதுக்கூடத்தைத் தவிர வேறு இடம் அநேகமாக இருக்கவில்லை. அலுவலகத்தில் தெரிந்தால் வேலை போயிற்று. வீட்டில் தெரிந்தால் வீடு போயிற்று. மதுக்கூடமும் எளிதில் வாய்த்துவிடவில்லை. கலிஃபோர்னியாவில் இத்தகையவர்கள் கூடுகிறார்கள் என்பதையே காரணம் காட்டி உரிமத்தைப் பறிக்கும் வழக்கம் இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ‘பிளாக் கேட்’ என்னும் மதுக்கூடத்தை நடத்திய சால் ஸ்டூமன் மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்று, வெறுமனே கூடுவது உரிமத்தைப் பறிக்கப் போதிய காரணமாகாது என்ற தீர்ப்பை 1951இல் பெற்றார். அப்படியும் தொல்லை ஓயாமல், 1963இல் அந்த உரிமம் பறிபோயிற்று. அதற்கு முந்தைய ஆண்டிலேயே அந்நகரத்து மதுக்கூட உரிமையாளர்களும் ஊழியர்களும் ‘டாவர்ன் கில்ட்’ என்ற சங்கத்தை அமைத்து, மதுக்கூடங்களில் கைதானவர்களுக்கு ஜாமீனுக்கும் வழக்கறிஞருக்கும் ஏற்பாடு செய்யத் தொடங்கியிருந்தார்கள். பால்புதுமையினருக்கான பொதுப்பணி அந்நாட்டில் வேர்விட்ட இடங்களுள் மதுக்கூடத்தின் கல்லாவும் ஒன்று என்பது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் வரலாறு அப்படித்தான் இருக்கிறது.

ஜூவல் வந்தது இதற்குப் பத்தாண்டுகள் கழித்து. 1939இல் பிறந்து, கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் வரலாறு படித்த கறுப்பினப் பெண் அவர். துணிக்கடை நடத்திக்கொண்டிருந்தவர், பொருளாதார மந்தத்தில் அந்தத் தொழில் தளர்ந்தபோது, மந்தத்திலும் படுத்துவிடாத தொழில் என்று கருதித்தான் 1973இல் பிக்கோ சாலையிலிருந்த ஒரு மதுக்கூடத்தை வாங்கினார். அவர் தொண்டு செய்வதற்காக இத்தொழிலுக்கு வரவில்லை. அதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. உரிமையாளராகவோ உரிமையாளரின் மனைவியாகவோ இல்லாத பெண் மதுக்கூடத்தில் பானம் கலந்து கொடுக்கக் கூடாது என்ற சட்டத்தை அம்மாநில உச்ச நீதிமன்றம் நீக்கி அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு பெண், அதிலும் கறுப்பினத்தவர், தனியாக அத்தொழிலில் இறங்குவதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்தது என்பது விளங்கும்.

அவருடைய விடுதி யாருக்கு வேண்டியிருந்தது என்பதைத்தான் உங்கள் கடிதம் தவறவிட்டிருக்கிறது. மேற்கு ஹாலிவுட்டில் வெள்ளையர்களான தன்பாலீர்ப்பு ஆண்களுக்கென்று பெயர்பெற்ற நடன விடுதிகள் இருந்தன. அவற்றுள் சிலவற்றின் வாசலில், கறுப்பினத்தவர் வந்தால் ஓர் அடையாள அட்டை போதாது, இரண்டு காட்டு, மூன்று காட்டு என்று கேட்டார்கள். பெண்களின் காலணியைக் குறை சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். ஒதுக்கப்பட்டவர்களும் தங்களுக்குள் ஒதுக்குவதற்கு ஆள் தேடிக்கொள்வது எந்த நாட்டிலும் நடப்பதுதான். அவ்வாறு இரண்டு முறை ஒதுக்கப்பட்டவர்கள், கறுப்பினத் தன்பால் ஈர்ப்பாளர்களும் திருநங்கையரும், உள்ளே போகக் கேள்வி கேட்கப்படாத இடமாகக் கேட்ச் ஒன் இருந்தது. காவல்துறையின் சோதனைகளுக்கு அது தப்பவில்லை. 1985இல் தீப்பற்றி மேல்தளம் எரிந்து, அதைச் சீர்செய்து மீண்டும் திறக்க ஈராண்டுகள் பிடித்தன. லாபம் ஒன்றே குறிக்கோளாக இருந்திருந்தால் அப்போதே விற்றுவிட்டுப் போயிருக்கலாம்.

அதே ஆண்டுகளில்தான் எய்ட்ஸ் பெருகியது. அந்நோயைப் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை, 1981 ஜூன் 5 அன்று வெளியானது, லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ஐந்து ஆண்களைப் பற்றியதாகும். வெள்ளையர்களான தன்பாலீர்ப்பு ஆண்களின் நோய் என்றே அது பலகாலம் பேசப்பட்டது. ஆனால் 1986இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்ட கணக்கில், நோயாளிகளுள் 25 சதவீதம் கறுப்பினத்தவர். மக்கள்தொகையிலோ அவர்கள் ஏறத்தாழ 12 சதவீதமே. நோய் ஓரிடத்தில் இருந்தது, எச்சரிக்கையும் நிதியும் இன்னோரிடத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. கறுப்பின மக்களிடம் இதைச் சொல்வதற்கு அவர்கள் நம்பி வரும் இடமும், அவர்களை முகம் பார்த்து அறிந்த ஆளும் வேண்டியிருந்தன. கார்ல் பீன் என்னும் கறுப்பினப் போதகர் 1985இல் தொடங்கிய ‘மைனாரிட்டி எய்ட்ஸ் புராஜெக்ட்’ அமைப்பை நிலைநிறுத்தத் துணைநின்றவர்களுள் ஜூவலும் ஒருவர். இதை அவருடைய பணப்பை செய்த உதவியாக மட்டும் பார்ப்பது போதாது என்பது என் கருத்து. பத்தாண்டுகளுக்கு மேல் அவர்களை வாரந்தோறும் பார்த்துவந்தவருக்கு, யார் மெலிந்திருக்கிறார், யார் வருவதை நிறுத்திவிட்டார் என்பது எந்தக் கணக்கெடுப்புக்கும் முன்னரே தெரிந்துவிடும். கோயிலுக்குத் தேர் செய்து கொடுப்பவருக்கு அந்தச் சாராயக்கடைக்கு வருகிறவர்களின் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

1980களின் இறுதியில் அவரும் அவருடைய துணைவி ரூவும் சேர்ந்து ‘ரூஸ் ஹவுஸ்’ என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். எச்.ஐ.வி. தொற்றிய பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் தங்குவதற்கான இல்லம் அது. அத்தகைய இல்லங்களுள் நாட்டிலேயே முன்னோடியானவற்றில் ஒன்று. அவருடைய பணிகளுள் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான். அந்நோய் ஆண்களின் நோய் என்று எல்லோரும், பால்புதுமையினர் இயக்கத்தவர் உட்பட, எண்ணியிருந்த காலத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட பெண் எங்கே போவாள் என்ற கேள்வி மிகச் சிலருக்கே தோன்றியது. அந்தப் பெண்களுள் பலர் அவருடைய விடுதிக்கு வந்து நடனமாடியவர்களாக இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே, வாடிக்கையாளர்களிடம் எடுத்ததை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார் என்ற உங்கள் கணக்கு இந்த இடத்தில் உடைகிறது.

இனி மது. இதில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். கூடுவதற்கு மதுக்கூடம் மட்டுமே உள்ள சமூகம் அதற்கான விலையை உடலால் கொடுக்கும். அமெரிக்கப் பால்புதுமையினரிடையே குடிப்பழக்கம் பெரும் துன்பமாக இருந்தது என்பதை அவ்வியக்கத்தினரே ஒளிக்காமல் பேசியிருக்கிறார்கள். ஜூவல் அந்த மதுவை விற்றார் என்பதும் உண்மை. ஆனால் அந்த உண்மையிலிருந்து அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரூஸ் ஹவுஸ் பின்னாளில் குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள்பவர்கள் தங்கும் இல்லமாக மாறியது. அறுபது வயதை நெருங்கும் நிலையில் அவர் சீன மருத்துவம் பயின்று அக்குபஞ்சர் சிகிச்சையாளரானார். 2001இல் விடுதியை அடுத்தே ‘வில்லேஜ் ஹெல்த் ஃபவுண்டேஷன்’ என்ற லாப நோக்கற்ற மருத்துவ நிலையத்தைத் திறந்தார். (அக்குபஞ்சரின் பயன் குறித்து எனக்குள்ள ஐயங்கள் தனி விஷயம், இங்கே அவை தேவையில்லை.) நீரிழிவும் உயர் ரத்த அழுத்தமும் மிகுந்த கறுப்பினக் குடியிருப்புகளில், உணவுமுறையைச் சொல்லித்தரவும், கட்டணம் செலுத்த இயலாதவர்களையும் பார்க்கவும் ஓர் இடம் வேண்டும் என்பதே அவர் எண்ணம். இரவில் மது விற்ற அதே கைகள் பகலில் சிகிச்சை அளித்தன என்பதை முரண்பாடு என்று நீங்கள் சொல்லலாம். நான் அதை, தன் தொழில் செய்த கேட்டையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்ட ஒருவரின் நடத்தையாகக் காண்கிறேன்.

2015இல் அவர் விடுதியை விற்றார். இளைய தலைமுறையினர் வேறு இடங்களுக்கும் தயக்கமின்றிச் செல்ல முடிந்த காலம் வந்துவிட்டது, கூட்டம் குறைந்திருந்தது. வேறு உரிமையாளரின்கீழ் கேட்ச் ஒன் என்ற பெயரிலேயே அது இன்றும் இரவு விடுதியாக நடக்கிறது. 2019இல் நகராட்சி அச்சாலைச் சந்திப்புக்கு அவருடைய பெயரைச் சூட்டியது. 2025 ஜூலையில், தம் 86ஆம் வயதில் அவர் மறைந்தார். அவரைச் சமூகத் தொண்டர் என்று எழுதியதை மாற்றிக்கொள்ள உங்கள் கடிதத்துக்குப் பிறகும் எனக்குக் காரணம் தென்படவில்லை. மது வணிகர் என்ற சொல்லையும் அதனோடு சேர்த்து எழுதியிருக்கலாம் என்று நீங்கள் கேட்டால், அதற்கு எனக்கு மறுப்பில்லை.

அன்புடன்.