உளவியல் பாடத்தில் மனிதர் எங்கே? – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் பினாங்கு. கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்டிபிஎம் முடித்ததும் வீட்டில் கணக்கியல் எடுக்கச் சொன்னார்கள். நான்தான் பிடிவாதமாக இதை எடுத்தேன். மனிதர்களைப் புரிந்துகொள்ள வேண்டும், மனம் உடைந்து வருகிறவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்ற ஆசை. இந்த செமஸ்டரில் அறிதல் உளவியல், அதாவது காக்னிட்டிவ் சைக்காலஜி, கட்டாயப் பாடம். எண் வரிசை, சொல் பட்டியல், திரையில் மின்னி மறையும் எழுத்துகள், மில்லிசெகண்ட் கணக்கு, அப்புறம் அத்தனையையும் எஸ்பிஎஸ்எஸ் என்ற மென்பொருளில் போட்டுப் புள்ளியியல். இதில் மனிதர் எங்கே இருக்கிறார்? பாடநூலை நான்கு முறை வாசித்தும் இடைத்தேர்வில் மோசமான மதிப்பெண். பேசாமல் கவுன்சலிங் பக்கம் மாறிவிடலாமா? நீங்களும் உளவியல் படித்தவர் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

க., பினாங்கு

அன்புள்ள க.,

உங்கள் எரிச்சலுக்குப் பெரிய இடத்து ஆதரவு இருக்கிறது. 1967இல் இந்தத் துறையின் பெயரையே தலைப்பாக வைத்துப் புத்தகம் எழுதி, அந்தப் பெயரை நிலைநிறுத்தியவர் உல்ரிக் நைஸர். பத்து வருடம்கூட ஆகவில்லை, 1976இல் அவரே இன்னொரு புத்தகம் எழுதி, ஆய்வகத்துக்குள் ஒடுங்கிவிட்டோம், வெளியே மனிதர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், எப்படி யோசிக்கிறார்கள் என்பதைக் கோட்டைவிட்டோம் என்று குறைப்பட்டுக்கொண்டார். 1978இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் நடந்த நினைவு பற்றிய மாநாட்டில் இன்னும் காட்டம். நினைவைப் பற்றி எதெல்லாம் சுவாரசியமோ அதையெல்லாம் உளவியலாளர்கள் அநேகமாகத் தொட்டதே இல்லை என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். ஆகவே "மனிதர் எங்கே?" என்று கேட்டு விரிவுரையாளர் முறைத்தால் தைரியமாக நைஸர் பெயரைச் சொல்லுங்கள். கூடவே, அவர் துறையை விட்டுப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது வகுப்பில் அல்ல, மாமாக் கடையில், அதாவது இங்குள்ள இந்திய முஸ்லிம் உணவுக்கடையில். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஏதாவது ஒரு கடைக்கு இரவு பத்து மணிக்கு எட்டுப் பேராகப் போய் உட்காருங்கள். கடை அண்ணன் வந்து நிற்பார். கையில் தாளும் இருக்காது, பேனாவும் இருக்காது. "தே தாரிக் ரெண்டு, அதுல ஒண்ணு கூராங் மானிஸ், தே ஓ ஐஸ் லிமாவ், மைலோ ஐஸ் ஒண்ணு, ரொட்டி கோசோங் மூணு, ரொட்டி தெலூர் ஒண்ணு, மீ கோரெங், உறைப்பு வேணாம்..." நடுவில் ஒருவர் மனம் மாறி மைலோவை நெஸ்காஃபே ஆக்குவார். இன்னொருவர் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கி, "எனக்கும் அதே" என்பார், எதைப் பார்த்து அதே என்று சொல்லாமல். அண்ணன் தலையாட்டிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். வருவதெல்லாம் சரியாக வரும்.

உங்கள் பாடநூலை மேலோட்டமாக வாசித்தால் இது நடக்கக் கூடாத காரியம். குறுகிய கால நினைவின் கொள்ளளவு ஏழு, கூடினால் குறைந்தால் இரண்டு என்று 1956இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001இல் நெல்சன் கோவன் அதையும் நான்கு வாக்கில் இறக்கிவிட்டார். ஆனால் மில்லர் கணக்கில் ஏழு என்பது ஏழு பொட்டலம். ஒரு பொட்டலத்துக்குள் எவ்வளவு கட்டுகிறோம் என்பது அவரவர் கைத்திறன். ஆண்டர்ஸ் எரிக்சனும் பீட்டர் போல்சனும் 1988இல் ஜே.சி. என்ற உணவக ஊழியரைப் பற்றி எழுதியதைத் தேடி வாசியுங்கள். இருபது பேரின் சாப்பாட்டு ஆர்டர் வரை எழுதாமலே நினைவில் வைப்பவர். நான்கு நான்கு பேராகப் பிரித்துக்கொள்வார். ஆளுக்கு ஆள் தனியாக வைக்காமல், நான்கு பேரின் சாலட் சாஸ் ஒரு வரிசை, இறைச்சி எவ்வளவு வேக வேண்டும் என்பது இன்னொரு வரிசை என்று கோத்துக்கொள்வார். சாஸ்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஒரு சொல்லாக்கி வைத்துக்கொள்வதும் உண்டு. இதே எரிக்சன் 1980இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் ஒரு கல்லூரி மாணவர் ஏழு எண்ணில் தொடங்கி, ஒன்றரை வருடத்துக்கு மேல் பயிற்சி எடுத்து, 79 எண்கள் வரை சொன்னார். அவர் ஓட்டக்காரர்; எண்களை ஓட்டப் பந்தய நேரங்களாக மாற்றி மனதில் வைத்தார். எண்ணுக்குப் பதிலாக எழுத்தைக் கொடுத்ததும் ஆறுக்கு இறங்கிவிட்டார்.

நம் அண்ணன் எப்படிக் கட்டுகிறார்? நான் கவனித்த மட்டில், நாம் சொன்ன வரிசையில் அவர் குரல் வருவதில்லை. தண்ணீர் கலக்குகிறவருக்கு ஒரு மூச்சு, ரொட்டி போடுகிறவருக்கு ஒரு மூச்சு எனப் பிரிந்து வருகிறது. அவரிடமே கேட்டுப் பார்த்தேன். "பழக்கம்தான் தம்பி, வேறென்ன?" என்றார்.

இந்தப் பதிலுக்காகத்தான் உங்கள் மில்லிசெகண்டெல்லாம். இவ்வளவு நேர்த்தியாக ஒரு காரியத்தைச் செய்கிறவரால் அதை எப்படிச் செய்கிறார் என்று சொல்ல முடிவதில்லை. அவர் மறைக்கவில்லை, அவருக்கே தெரியாது. ஆளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத இடங்களில், எங்கே தாமதிக்கிறார், எங்கே தவறுகிறார், எதை எதோடு குழப்பிக்கொள்கிறார் என்று பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுதான் வழி. வகுப்பில் இந்த ஒரு விஷயத்தை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிப் பேர் கொட்டாவி விடமாட்டார்கள். சொல்வதில்லை. நேராக மனதைப் பெட்டியும் அம்புக்குறியுமாக வரைந்த படத்துக்குப் போய்விடுகிறார்கள்.

உங்கள் இடைத்தேர்வும் இதே கதைதான். நான்கு முறை வாசித்தேன் என்கிறீர்கள். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் செய்த சோதனையில் ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு அமர்வுகளிலும் வாசித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு குழு ஒரு அமர்வில் மட்டும் வாசித்துவிட்டு, மற்ற மூன்றிலும் தாளை மூடி வைத்து நினைவுக்கு வந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்கள் கை மேலே. ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், மூடி வைத்து எழுதியவர்களுக்கு 61 சதவீதம். இதில் எனக்குப் பிடித்த கட்டம் வேறு. தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான். பக்கம் பழகிவிட்டதைப் பாடம் ஏறிவிட்டதாக நினைத்துவிட்டார்கள். அடுத்த அத்தியாயத்தை ஒருமுறை படித்துவிட்டு மூடி வைத்து எழுதுங்கள். முதல் நாள் அவமானமாக இருக்கும், பரவாயில்லை.

கவுன்சலிங் பற்றிக் கேட்டீர்கள். சட்ட விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். உளவியல் இளங்கலையை மட்டும் வைத்து மலேசியாவில் ஆலோசகர் என்று பலகை மாட்ட முடியாது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி அதற்குரிய படிப்பும் பதிவும் வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் முதுகலை வேண்டும். அது 2016ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்துக்குள் வருகிறது. எப்படியும் மேலே படிக்கத்தான் போகிறீர்கள். அதனால் பட்டத்தை முடித்துவிட்டு அந்தப் பக்கம் போவதே நல்லது என்பது என் எண்ணம். பிடிபிடிஎன் என்ற அரசு உயர்கல்விக் கடன் வாங்கியிருந்தால் நடுவில் மாறுவதற்கு முன் பத்து முறை யோசிக்க வேண்டும்.

ஆனால் பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு உங்கள் எதிரே ஒருவர் உட்கார்ந்து, நடந்தது இதுதான் என்று அழுதுகொண்டே சொல்வார். நீங்கள் கேள்வி கேட்பீர்கள். 1974இல் லாஃப்டஸ், பாமர் செய்த ஆய்வு உங்கள் பாடநூலில் நிச்சயம் இருக்கும். கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, கார்கள் "தொட்டபோது" என்ன வேகம் என்று கேட்டால் சராசரிப் பதில் மணிக்கு 31.8 மைல், "நொறுங்க மோதியபோது" என்று கேட்டால் 40க்கு மேல். இரண்டாவது சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். நொறுங்க மோதிய கேள்வி கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. நீங்கள் கேட்கும் விதம் எதிரே இருப்பவரின் நினைவுக்குள் புகுந்துவிடும் என்று தெரியாமல் ஒருவர் ஆலோசகர் நாற்காலியில் உட்காருவது எனக்குப் பயமாக இருக்கிறது.

இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு யோசனை தருகிறேன். 1980இல் எல்லிஸ், ஹென்னெல்லி இருவரும் பிரிட்டனின் வேல்ஸ் பகுதி மொழியான வெல்ஷ், ஆங்கிலம் இரண்டும் பேசுகிறவர்களுக்கு எண் வரிசைச் சோதனை வைத்தார்கள். ஆங்கிலத்தைவிட வெல்ஷில் குறைவான எண்களே நினைவில் நின்றன. காரணம், வெல்ஷ் எண்களை உச்சரிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. எண்களை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் பிடித்து வைக்கிறோம். சுற்றி வருவதற்குள் முதல் எண் மங்கிவிடுகிறது. ஏறக்குறைய இரண்டு வினாடிக்குள் சொல்லி முடிக்கக்கூடியதே நிற்கும் என்று ஆலன் பேட்லி குழுவினர் 1975லேயே காட்டியிருந்தார்கள். இப்போது உங்கள் வகுப்பைப் பாருங்கள். மாண்டரினில் யீ, எர், சான் என்று எல்லா எண்ணும் ஒரே அசை. நம் ஒண்ணு, ரெண்டு, மூணில் எதுவும் இரண்டு அசைக்குக் குறையாது. மலாயில் செம்பிலான் வந்தால் மூன்று.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் நம்மிடம் உண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்தவர் வாய்ப்பாட்டைத் தமிழில் மனப்பாடம் செய்திருப்பார், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாய்க்கு மாறியிருப்பார், கைப்பேசி எண்ணை இன்று ஆங்கிலத்தில் சொல்வார். அவரிடம் ஏழு எண்களைத் திரையில் காட்டினால் மனதுக்குள் எந்த மொழியில் சொல்லிப் பார்ப்பார்? அவரைக் கேட்டால் ஏதோ ஒரு பதில் சொல்வார். உங்களிடம்தான் மில்லிசெகண்ட் கருவி இருக்கிறதே, அளந்து பாருங்கள்.

பினாங்கில் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள் சோதனைக்கு வேண்டுமென்றால் எழுதுங்கள், ஆள் பிடித்துத் தருகிறேன். அதற்கு முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியை வாங்கிவிடுங்கள். படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதனால் அடுத்த செமஸ்டர் தொடக்கத்திலேயே மேற்பார்வையாளரைப் போய்ப் பாருங்கள்.