ஊர்க் கூடத்தின் சாவி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். இங்கே கட்டட வேலை செய்கிறவர்களின் தகரக் கொட்டகைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அந்தக் கொட்டகைகளில் எங்கள் ஊர்க்காரர்களும் இருக்கிறார்கள்.

எங்கள் ஊரிலிருந்து வந்து இங்கே சம்பாதிக்கும் நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து ஊருக்கு ஒரு சமுதாயக் கூடம் கட்டலாம் என்று 18 லட்சம் ரூபாய் சேர்த்திருக்கிறோம். மாரியம்மன் கோயிலை ஒட்டி என் பெரியப்பாவுக்கு ஆறு சென்ட் இடம் இருக்கிறது, தருகிறேன் என்கிறார். கீழே ஒரு ஹால், மேலே நூலகம், நான்கு கம்ப்யூட்டர். ஹாலைக் கல்யாணம், காதுகுத்துக்கு வாடகைக்கு விட்டால் பராமரிப்புச் செலவு கிடைத்துவிடும் என்பது திட்டம்.

போன வாரம் எங்களில் ஒருவன் கேட்டான்: "ஊர்ல ஏற்கெனவே லைப்ரரி கட்டடம் பூட்டிக் கெடக்கு. மகளிர் குழுக் கட்டடத்துல சிமெண்டு மூட்டை அடுக்கியிருக்காங்க. மூணாவதா ஒண்ணு எதுக்குடா?" எங்கள் யாருக்கும் பதில் தெரியவில்லை. இப்படி ஒரு கூடத்தால் ஊர்க் குடும்பங்களுக்கு உண்மையில் என்ன பயன்? நீங்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
க.

*

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் நண்பர் கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் பதில் கிடைக்கும் வரை ஒரு செங்கல்கூட வாங்காதீர்கள்.

நான் வளர்ந்தது திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில். எங்கள் ஊரில் பஞ்சாயத்து ரேடியோ ரூம் என்று ஒன்று இருந்தது. பத்துக்குப் பத்து அறை, கூரைமேல் ஒரு குழாய் ஸ்பீக்கர். பஞ்சாயத்தில் தண்ணீர் திறந்துவிடுகிறவரிடம்தான் அதன் சாவியும் இருந்தது. மாலை ஐந்தரைக்குத் திறப்பார். விவசாய நிகழ்ச்சி, பாட்டு, மாநிலச் செய்தி எல்லாம் முடிந்து பூட்டும்போது எட்டாகிவிடும். அந்த இரண்டரை மணி நேரத்தில் ரேடியோ கேட்டவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் அவரிடம் காகிதம் கொண்டுவருவார்கள். மிலிட்டரியில் இருக்கும் மகன் எழுதிய கடிதம், கூட்டுறவு வங்கி நோட்டீஸ், ஆஸ்பத்திரி சீட்டு. எட்டாவது படித்த மனிதர், பொறுமையாகப் படித்துச் சொல்வார். என் அம்மா முதல்முதலாகத் தன் பெயரை எழுதியது அந்த ரூம் திண்ணையில்தான். அவர் ஓய்வு பெற்ற பிறகு பெரிய அறை கட்டி டிவி வைத்தார்கள். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாமல் போய், கொஞ்ச நாளில் டிவியும் போயிற்று.

கூடம், மையம் என்று யார் பேசினாலும் எனக்கு அந்த மனிதர்தான் நினைவுக்கு வருகிறார். உங்கள் 18 லட்சத்தில் பெரும்பகுதியை அப்படி ஒரு ஆளுக்குச் செலவு செய்யுங்கள் என்பதே நான் சொல்ல வருவது.

இந்த யோசனை ஒன்றும் புதிதில்லை. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுக்க 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது அது நம்பியிருந்தது கிராம சேவக் என்ற ஆளைத்தான். சில ஊர்களுக்கு ஒருவர். விதை, உரம், கோழி, கிணறு, அம்மை ஊசி என்று எதற்கும் அவரைத்தான் தேடிப் போவார்கள். ஊரில் வயதான பெண்களைக் கேட்டுப் பாருங்கள், சிலருக்கு மாதர் சங்கமும் கிராம சேவிகாவும் நினைவிருக்கும். இன்று நாம் பி.டி.ஓ. ஆபீஸ் என்கிறோமே, அது அந்தத் திட்டத்தின் மிச்சம். அப்புறம் 2006-இல் தமிழ்நாட்டில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. 12,618 ஊராட்சிகளுக்கும் வருடத்துக்கு இத்தனை என்று பிரித்து நூலகம் கட்டினார்கள். உங்கள் ஊரில் பூட்டிக் கிடப்பதும் அநேகமாக அப்போது கட்டியதாக இருக்கும். அந்தக் கட்டடத்தின் கூரை நன்றாக இருந்தால் உங்களுக்கு வேண்டிய கூடம் ஏற்கெனவே தயார்.

இப்போது குடும்பங்களைப் பற்றி. உங்கள் ஊர்க் குடும்பம் ஒரே வீட்டில் இல்லை. பாதி இங்கே சர்ஜாபூர் ரோட்டில் கொட்டகையில் இருக்கிறது, பாதி அங்கே. சனிக்கிழமை ராத்திரி சில்க் போர்டு பக்கம் நின்று பாருங்கள், துணிப்பையும் பிஸ்கட் பாக்கெட்டுமாகப் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களில் பலர் குழந்தையை அம்மாவிடமோ மாமியாரிடமோ விட்டுவிட்டு வந்தவர்கள். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டுமான இடத்தில் குழந்தைகளுக்கு அறை இருக்க வேண்டும் என்று 1996-ஆம் வருடச் சட்டம் சொன்னது. நான் பார்த்த இடங்களில் அப்படி அறை இருந்தது குறைவு. அதனால் குழந்தை ஊரிலேயே நிற்கிறது. அதைப் பார்த்துக்கொள்கிற பாட்டி சாயங்காலம் மாட்டைக் கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போக வேண்டும். பால்வாடி அதற்கு முன்பே மூடிவிடும். பள்ளிக்கூடமும் விட்டுவிடும். நான்கு மணியிலிருந்து ஏழரை வரை அந்தப் பிள்ளை தெருவில்.

உங்கள் கூடம் முதலில் திறந்திருக்க வேண்டியது அந்த மூன்றரை மணி நேரம்தான். பகலெல்லாம் திறந்துவைத்து ஐந்து மணிக்குப் பூட்டுகிற கூடத்தால் இந்தக் குழந்தைக்கு ஒன்றும் இல்லை. சுண்டலோ கடலையோ ஒரு பிடி, வீட்டுப்பாடத்துக்கு ஒரு ஆள், விளையாட ஒரு வாசல். ஆறரை மணிக்கு மேல் அம்மா வேலை முடித்துக் கொட்டகைக்குத் திரும்பியிருப்பாள். அந்த நேரத்தில் கூடத்து போனில் வீடியோ கால் போட்டுக் கொடுத்தால், பிள்ளை தன் நோட்டை அவளுக்குக் காட்டலாம். பாட்டியின் பட்டன் போனில் அது முடியாது. இங்கே இருக்கும் ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "பேசினா அழுவுறான்னு மாமியா பேசவே வுட மாட்டேங்குறாங்கக்கா. நோட்டக் காட்டுனா அழ மாட்டான்." எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

கர்நாடகத்தில் நான் நேரில் பார்த்த ஒன்றையும் சொல்கிறேன். 2019-இல் இங்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம நூலகங்களை ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பில் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடம் ஆறு வயது முதல் பதினெட்டு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உறுப்பினர் அட்டை என்றார்கள். இப்போது அவற்றுக்கு 'அரிவு கேந்த்ரா' என்று பெயர். நம் அறிவுதான் கன்னடத்தில் அரிவு. மாலூர்ப் பக்கம் ஒன்றுக்குப் போயிருந்தேன். ஒரே அறை, சுவரெல்லாம் பிள்ளைகள் வரைந்த படம். அங்கிருந்த பெண் பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டே இருந்தார். எந்தப் பிள்ளை இரண்டு நாளாக வரவில்லை என்று அவருக்குத் தெரிகிறது. அதைக் கேட்க வீட்டுக்கே போகிறார். 2023-இல் 'கூசின மனே', அதாவது குழந்தையின் வீடு என்று 4,000 பஞ்சாயத்துகளுக்குக் குழந்தைக் காப்பகம் அறிவித்தார்கள். அதிலும் நூறு நாள் வேலை அட்டை இருக்கும் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே பார்த்துக்கொள்ள வைப்பதுதான் ஏற்பாடு.

அப்படி ஒரு ஆளை நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டாம். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தினமும் மாலையில் பாடம் எடுத்த பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படிக் கல்யாணமாகி வந்த பி.எஸ்ஸி., பி.எட். மருமகள் ஒருத்தியாவது கட்டாயம் இருப்பாள். இரண்டு பேரை வையுங்கள், ஒருத்தி ஊரிலிருந்து, ஒருத்தி காலனியிலிருந்து. ஆளுக்கு மாதம் 9,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 2,16,000. ஐந்து வருடத்துக்கு 10,80,000. கையில் இன்னும் 7,20,000 இருக்கும். அதில் பழைய நூலகத்தைச் சரிசெய்யுங்கள். முதல் செலவு கழிப்பறை. தண்ணீர் வசதியோடு கழிப்பறை இல்லாத கூடத்தில் பெண்கள் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார மாட்டார்கள். ரிப்பேர் வேலைக்கு நமக்கு நாமே திட்டத்தில் கேட்டுப் பாருங்கள், மக்கள் பங்கு மூன்றில் ஒன்று கட்டினால் மீதியை அரசு போடும்.

கோயிலை ஒட்டிய இடத்தைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன், வருத்தப்படாதீர்கள். அந்த இடம் வேண்டாம். பெரியப்பாவின் மனசு நல்ல மனசு. ஆனால் அந்த இடத்துக்குக் காலனிப் பிள்ளைகள் வர மாட்டார்கள். இப்படி ஒரு கூடத்தை வேறொரு ஊரில் பார்த்தேன். யாரும் அவர்களை வராதே என்று சொன்னதில்லை. அவர்களும் வந்ததில்லை. பத்து வருடமாக அது ஒரு தெருவின் கூடமாகவே இருக்கிறது. இன்னொன்று, கோயில் வாசல் வழியாகப் போக வேண்டும் என்றால் மாதத்தில் நாலைந்து நாள் பெண்களே வர மாட்டார்கள். படிக்கிற பெண்ணுக்கு அந்த நாலைந்து நாள் போனது போனதுதான். மேலும் பட்டா பெரியப்பா பெயரில் இருக்கும்வரை அது அவர் வீட்டுச் சொத்து. நாளைக்கு அவர் பிள்ளைகள் என்ன சொல்வார்களோ. ஊருக்கும் காலனிக்கும் நடுவில், பள்ளிக்கூடப் பக்கமாகப் பஞ்சாயத்து இடம் எங்கே என்று பாருங்கள். பழைய நூலகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் யோசனையும் எனக்குச் சரியாகப் படவில்லை. முகூர்த்த மாதங்களில் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பந்தி போடுவார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பங்குனி, சித்திரையில்தான் விசேஷங்களும் வரும். ஊருக்கு மண்டபம் வேண்டுமென்றால் அது தனி.

வாடகைக்குப் பதிலாக இரவல் கொடுங்கள். அண்டா, கரண்டி, நூறு நாற்காலி, ஒரு தார்ப்பாய். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு ஃப்ரீசர் பெட்டி. ஊரில் சாவு விழுந்தால் பெங்களூரிலிருந்து மகன் வந்து சேரும் வரை உடலை வைத்திருக்க வேண்டும். ராத்திரியில் டவுனுக்கு ஆள் அனுப்பி, கேட்ட வாடகை கொடுத்து எடுத்துவர வேண்டியிருக்கிறது. உங்கள் கூடத்தில் ஒன்று இருந்து, ஊர், காலனி இரண்டு பக்கமும் அதே பெட்டி போகுமானால் அது பெரிய காரியம். இதை நீங்கள் ஊரில் வெளிப்படையாகப் பேசித்தான் முடிவு செய்ய முடியும். கஷ்டமான பேச்சு, ஆனால் அந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.

காலை நேரத்தில் கூடம் காகித வேலைக்கு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, முதியோர் பணம், ரேஷன் கடையில் ரேகை விழாத பாட்டி, கட்டுமான நல வாரிய அட்டை. ஒவ்வொன்றுக்கும் ஊத்தங்கரைக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடுகிறது. அதனால் பலர் எதற்கும் விண்ணப்பிப்பதே இல்லை. நான்கு கம்ப்யூட்டர் வேண்டாம், ஒன்றும் ஒரு பிரிண்டரும் போதும். வாரத்தில் ஒரு காலை பிரஷர், சுகர் பார்க்க. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் வேலை செய்யும் பெண்களிடம் கேளுங்கள், உட்கார இடமும் மேசையும் இருந்தால் அவர்கள் சந்தோஷமாக வருவார்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா? நீங்கள் பதினொரு பேரும் தனியாகக் கூடிப் பேச வேண்டாம். உங்களில் பெண் யாரும் இருப்பதாகக் கடிதத்தில் தெரியவில்லை. அதனால் உங்கள் அம்மாவையும் தங்கைகளையும் கூட்டிக்கொண்டு மூன்று சாயங்காலம் பால் சொசைட்டி வாசலிலும், ஒரு சாயங்காலம் காலனியிலும் போய் உட்காருங்கள். எத்தனை மணிக்குத் திறந்திருக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். மற்றதெல்லாம் அவர்களே சொல்வார்கள். ஜனவரி 26-ஆம் தேதி கிராமசபை நடக்கும். நூலகத்தைத் திறக்கவும் இரண்டு பெண்களை வைக்கவும் அதில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானம் எழுத்தில் இருந்தால் தலைவர் மாறினாலும் சாவி கைமாறிப் போகாது.

முதல் வருடத்தில் ஒரு மாதச் சம்பளம், இரண்டு பேருக்குமாக 18,000 ரூபாய், என் பங்காக இருக்கட்டும். பொங்கல் கழிந்ததும் எழுதுங்கள். அந்தப் பெண்கள் என்ன நேரம் சொன்னார்கள் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா