காங்கோவின் தெருப்பிள்ளைகள்: கடிதமும் பதிலும்

ஐயா,

ஆப்பிரிக்கத் தெருப்பிள்ளைகளுக்கான ஊழியம் என்று எங்கள் சபையில் காணிக்கை சேர்க்கிறார்கள். காங்கோவில் ஓர் இல்லம் கட்டப்போகிறார்களாம். வாலிபர் கூட்டத்தில் சிலர் இரண்டு வாரம் அங்கே போய் உதவிவிட்டு வரவும் திட்டம் இருக்கிறது. எல்லாம் மதம் மாற்றத்தான் என்கிறார் என் நண்பர். என்னைக் கலங்கடித்தது வேறொன்று. அங்கே பிள்ளைகளைச் சூனியக்காரர்கள் என்று சொல்லித் தெருவுக்கு விரட்டுவதே போதகர்கள்தான் என்று படித்தேன். பிறகு எதை நம்பிக் கொடுப்பது?

எஸ்., நாகர்கோவில்

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படித்தது உண்மை. எல்லாப் போதகர்களும் அல்ல. ஆனால் காங்கோவின் தலைநகர் கின்ஷாசாவில் தெருவில் உறங்கும் பிள்ளைகளில் மிகப் பலர் சூனியப் பழி சுமத்தப்பட்டு வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள்.

1991லும் 1993லும் அந்நகரம் சூறையாடப்பட்டது. 1996இல் போர் தொடங்கியது. சம்பளம் நின்றது, பள்ளிக்கும் மருந்துக்கும் காசில்லை. அதே காலத்தில்தான் தனிப் போதகர்கள் நடத்தும் எழுப்புதல் சபைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. முன்பு சூனியப் பழி பெரும்பாலும் முதியவர்கள்மேல்தான் விழும். இப்போது அது பிள்ளைகள்மேல் திரும்பியது. தாய் இறந்து, தகப்பன் மறுமணம் செய்துகொண்ட வீட்டில் ஒரு கைக்குழந்தை சாகிறது, அல்லது ஒருவருக்கு வேலை போகிறது. யாரால் வந்தது இது என்று போதகரிடம் கேட்கிறார்கள். படுக்கையில் சிறுநீர் கழிக்கிற பையன், வலிப்பு வருகிற சிறுமி, எதிர்த்துப் பேசுகிற பிள்ளை, இவர்களில் ஒருவர்மேல் விரல் நீள்கிறது. அப்புறம் பிள்ளையிடமிருந்து சூனியத்தை விரட்டுவதாகச் சொல்லும் 'விடுதலை ஜெபம்'. நாள்கணக்கில் சோறும் தண்ணீரும் இல்லாமல் அடைத்துவைப்பதும் அடிப்பதும் அந்த ஜெபத்தின் பெயரால் நடந்திருக்கின்றன. கிறிஸ்துவின் பெயரை உச்சரிக்கிற எவருக்கும் இதைக் கேட்டு வயிறு எரிய வேண்டும்.

2006ஆம் ஆண்டு அரசியல் சாசனம் பிள்ளைகள்மேல் சூனியப் பழி சுமத்துவதைத் தடைசெய்தது. 2009இல் வந்த குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் அதற்குச் சிறைத்தண்டனையும் வைத்தது. சட்டம் வேண்டும். ஆனால் போலீசுக்குப் பயந்து கதவைத் திறக்கிற சித்தி அந்தப் பையனுக்குப் பயப்படுவதை விடமாட்டாள். அவனைச் சூனியக்காரன் என்று சொன்னது தேவன் பெயரால் பேசிய ஒருவர். அந்த வீட்டுக்குள் போய், அதே தேவன் பெயரால், இது உங்கள் பிள்ளை, இவனிடம் எந்தத் தீங்கும் இல்லை என்று சொல்ல ஒருவர் வேண்டும். ஒரு முறை அல்ல, பல முறை. அரசு ஊழியரைவிட ஒரு குருவோ கன்னியாஸ்திரியோ ஒரு நல்ல போதகரோ சொன்னால் அந்த வீடு கேட்கும். அங்கே கிறிஸ்தவ ஊழியத்துக்கென்று தனியாக ஒரு வேலை இருக்கிறது என்று நான் நம்புவது இதனால்தான்.

உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: காங்கோ மக்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். அந்தப் பிள்ளைகளை விரட்டிய வீடுகளும் அப்படித்தான். மாற்றவேண்டியது அவர்களின் மதத்தை அல்ல.

தென்கிழக்கில், செம்புச் சுரங்கங்களின் நகரமான லுபும்பாஷியில் கத்தோலிக்கத் துறவிகளான சலேசிய சபையினர் 1911இலிருந்து இருக்கிறார்கள். சென்னையில் அன்பு இல்லம் நடத்தும் அதே சபை. அங்கே தெருப்பிள்ளைகளுக்கான அவர்களுடைய இல்லங்கள் பக்காஞ்சாவின் பெயரைத் தாங்கியவை. இசிதோர் பக்காஞ்சா கூலிவேலை செய்த காங்கோ இளைஞர். மாதா பக்தியின் அடையாளமாகக் கழுத்தில் அணிந்திருந்த உத்தரியத்தைக் கழற்ற மறுத்ததற்காகத் தோட்டத்து வெள்ளைக்கார அதிகாரியின் கட்டளையால் கசையடி பட்டு, புண் ஆறாமல் 1909இல் இறந்தார். அடிபட்ட பிள்ளைகளின் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. பையன் முதலில் இரவில் வந்து குளித்து, சாப்பிட்டு, தூங்கினால் போதும். நம்பிக்கை வந்தபின் தங்கிப் படிக்கலாம், தொழில் கற்கலாம். இதற்கிடையே அவன் குடும்பத்தைத் தேடுகிறார்கள். திரும்பிப் போன எல்லாரும் நிலைப்பதில்லை; சிலர் மறுபடி சந்தைக்கே வந்துவிடுகிறார்கள். அடிக்கிற வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. இல்லம் தேவைப்படுவது அத்தகைய பிள்ளைகளுக்கு. பெண்பிள்ளைகளுக்குத் தனி வீடு கட்டாயம் வேண்டும். தெருவில் அவர்கள் கண்ணில் படுவது குறைவு, படுகிற பாடோ அதிகம்.

இரண்டு வாரப் பயணம் வேண்டாம் என்றே சொல்வேன். ஏற்கெனவே கைவிடப்பட்ட பிள்ளை வந்தவர்களிடம் ஒட்டிக்கொள்ளும். பதினைந்தாம் நாள் மறுபடி கைவிடப்படும். அந்த விமானச் செலவில் உள்ளூர்க்காரர் ஒருவருக்குப் பல மாதச் சம்பளம் கொடுக்கலாம். அவருக்கு லிங்காலாவோ சுவாஹிலியோ தெரியும், எந்தச் சந்துக்குள் எந்த வீடு என்றும் தெரியும்.

காணிக்கை சேர்ப்பவர்களிடம் எத்தனை கட்டில் போடுவீர்கள் என்று கேட்காதீர்கள். போன வருடம் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பினார்கள், திரும்பியபின் அந்த வீட்டுக்கு யார் போகிறார்கள், மாதத்தில் எத்தனை முறை, பழி சுமத்திய போதகரிடம் யாராவது பேசினார்களா என்று கேளுங்கள். நேராகப் பதில் சொன்னால் தாராளமாகக் கொடுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.