தூத்துக்குடிக்குக் குடும்பத்தோடு வரலாமா என்று கேட்டவருக்கு

கேள்வி இதுதான்: "தூத்துக்குடிக்கு வேலை மாற்றல். சின்ன ஊர், ஆலைப்புகை, அடிதடி என்கிறார்கள். குடும்பத்தோடு வரலாமா? ஊரும் மக்களும் எப்படி?"

வரலாம். தாராளமாக வாருங்கள். அடிதடி என்று உங்களுக்குச் சொன்னவர்கள் இந்த ஊரை எங்கே பார்த்திருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது. திரையில் எங்கள் பக்கத்துப் பேச்சைப் பேசிக்கொண்டு ஒருவன் வந்தால் அவன் கையில் அரிவாள் இருந்தே தீர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். விடிகாலையில் உப்பளத்துக்குப் போகிறவரும், தோணியில் சரக்கு அடுக்குகிறவரும், சங்கு எடுக்க மூழ்குகிறவரும் பேசுவது அதே பேச்சுதான். சொந்த ஊரைத் தூக்கிப் பிடிக்கிறான் என்று நினைப்பவர்கள் முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள். குறைகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

துறைமுகத்துக்கோ, தெர்மல் என்று நாங்கள் சொல்லும் அனல்மின் நிலையத்துக்கோ, 2025 ஆகஸ்டில் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் திறந்த வின்ஃபாஸ்ட் கார் ஆலைக்கோ வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சிக்குள் 2.37 லட்சம் பேர். அந்த அளவில் பார்த்தால் சின்ன ஊர்தான். ஆனால் 1866இலேயே நகராட்சி, 1876இல் மணியாச்சியிலிருந்து ரயில், 1906இல் கொழும்புக்குக் கப்பல் விட வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கம்பெனி, 1908இல் கோரல் நூல் மில் வேலைநிறுத்தம் என்று ஊருக்கு நீண்ட கணக்கு இருக்கிறது. புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பழைய துறைமுகத்திலிருந்து மரத் தோணிகள் இன்றும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப் போகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கச்சான் என்கிற மேல்காற்று கடுமையாக அடிக்கும். அப்போது தோணிகள் கரையில் நின்று பழுது பார்க்கப்படும்.

முதலில் வீடு. இதில்தான் வெளியூர்க்காரர்கள் பணத்தை இழக்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். கோரம்பள்ளம் குளம் உடைந்து நகருக்குள் தண்ணீர் புகுந்தது. நிலம் தட்டை, கடல் பக்கத்திலேயே, கடல்மட்டம் ஏறியிருக்கும் நேரத்தில், நகரின் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் பக்கிள் ஓடைத் தண்ணீர் இறங்க மறுக்கும். அதனால் வடிய நாளாகும். வீடு பார்க்கும்போது புரோக்கரிடம் கேட்காதீர்கள், தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கேளுங்கள்: 2023இல் இந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது, எத்தனை நாள்? புது பெயிண்ட் அடித்த வீட்டில் பின்சுவரையும் மோட்டார் அறையையும் பாருங்கள், தண்ணீர்க்கோடு அங்கே மிஞ்சியிருக்கும். தரைத்தள வீடானால் மீட்டர்ப் பெட்டியும் மோட்டார் ஸ்விட்சும் இடுப்புக்கு மேலே இருக்க வேண்டும். பிறகு சாலையைவிட வாசல் உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல தெருக்களில் ரோட்டின் மேல் ரோடு போட்டே பழைய வீடுகளைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார்கள்.

அடுத்து பால்கனிக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். நேர்க்கோடாக விரிசல், காவிக் கறை, சிமெண்ட் சில்லுப் பெயர்ந்த இடம் தெரிந்தால் அந்த வீடு வேண்டாம். இங்கே நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. அந்த போர் தண்ணீரிலேயே கான்கிரீட் குழைத்திருந்தால் உப்பு உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்ததும் மேல் சிமெண்ட்டை உடைத்துத் தள்ளும். மேலே பூசி மறைக்கலாம், நிறுத்த முடியாது. ஜன்னல் கிரில்லுக்கு ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்த பிறகுதான் பெயிண்ட் அடிக்க வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மறுபடி அடிக்க வேண்டும். கடற்கரைப் பக்கமானால் ஏ.சி.யின் வெளிப்பெட்டியை மாதம் ஒரு முறை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கழுவாவிட்டால் உப்புக்காற்று அதன் அலுமினியத் தகடுகளைத் தின்றுவிடும். கைப்பிடிக்கு எவர்சில்வர் போட்டால் 304 ரகத்தில் புள்ளி விழும், 316 கேட்டு வாங்குங்கள்.

குடிநீர் வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர். குழாய் இணைப்பும் தரைத்தொட்டியும் இருக்கிற வீடாகப் பாருங்கள். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, ஹீட்டர் சுருளில் சுண்ணாம்பு படியும். வாஷிங் மெஷினுக்கு குழாய்த் தண்ணீரைத் தனியாகத் தொட்டியில் பிடித்து வைப்பவர்கள் நிறைய.

இப்போது உப்பு. ஊரைச் சுற்றி வெள்ளையாகத் தெரிவது அதுதான். குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்தில். மழை குறைவு, வெயில் அதிகம், காற்றும் உண்டு, அதனால் இங்கே விளைகிறது. மழைக்காலம் முடிந்ததும் ஜனவரியில் பாத்திகளின் சேற்றை வழித்து, களிமண் தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகாவிட்டால் உப்போடு மண்ணும் சேர்ந்து வரும். தண்ணீரில் உப்பின் கனத்தை பாமே என்ற டிகிரியில் அளப்பார்கள். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். போர் போட்டு எடுக்கும் உப்புநீர் அதைவிடக் கனம் என்பதால் பல அளங்களில் அதையே இறைக்கிறார்கள். தண்ணீரை ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றிக் காயவிடுவார்கள். பதின்மூன்று டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும், அதை முன்பாத்திகளிலேயே விட்டுவிட வேண்டும். இருபத்தைந்தை எட்டும்போது விளையும் பாத்திக்கு ஏற்றினால் உப்பு இறங்கும். இருபத்தொன்பது, முப்பதில் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் மக்னீசியம் சேரும், உப்பு கசக்கும், காற்றில் ஈரம் இழுத்துக் கசியும். நடுவில் ஒரு நல்ல மழை பெய்தால் டிகிரி இறங்கி, பல நாள் காய்ந்தது வீணாகும்.

வாரிய உப்பை வரப்பில் குவித்து வடியவிட்டு, பிறகு மேட்டில் அம்பாரமாக ஏற்றி, மழைக்கு முன் பனையோலையோ தார்பாலினோ போட்டு மூடுவார்கள். வேலை விடியும் முன்பே டார்ச் வெளிச்சத்தில் தொடங்கும். வெயில் ஏறினால் வெள்ளைப் பாத்தியின் கூச்சம் கண்ணை எரிக்கும், உப்புநீரில் நின்று நின்று காலில் வெடிப்பும் புண்ணும் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையே இல்லை. அந்த மாதங்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. மூன்று மாதம் ஒரு குடும்பம் ஓட அது போதாது என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குக் கல்லுப்பு வாங்கும்போது அந்த வருடம் வாரிய புது உப்பை வாங்காதீர்கள், கசப்புத் தண்ணீர் முழுதும் வடிந்திருக்காது. ஊறுகாய்க்கு அம்பாரத்தில் கிடந்து வடிந்த பழைய உப்பே நல்லது. பீங்கான் ஜாடி, மரக்கரண்டி போதும்.

மீனுக்கு இரண்டு இடம் தெரிந்தால் போதும். மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுகள் காலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது இங்கத்திய விதி, அதனால் ஏலம் இரவில் நடக்கும். திரேஸ்புரத்தில் நாட்டுப்படகு மீன். ஞாயிறு கடலுக்குப் போகும் வழக்கம் இல்லை. சனிக்கிழமை திரேஸ்புரத்தில் கூட்டமும் விலையும் ஏறும், நிதானமாக வாங்க வேண்டுமானால் நடுவாரத்தில் போங்கள். சீலா, விளைமீன், பாறை, ஊளி, நகரை என்று குவிந்திருக்கும். செவுள் ரத்தச் சிவப்பாக, கண் தெளிந்து புடைத்து, விரலால் அழுத்தினால் குழி நிற்காமல் எழும்ப வேண்டும். சூரை மட்டும் ஐஸில் புதைத்து வைத்ததை வாங்குங்கள். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் உண்டாகும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து உடம்பு அரிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது நாட்டுப்படகு மீன்தான், விலை கூடத்தான் செய்யும். மாசிக் கருவாடும் (சூரையை அவித்து உலர்த்தியது) நெத்திலியும் அதற்கு முன்பே வாங்கி வைப்பது இங்கே வீட்டு வழக்கம்.

முத்து கிடைக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சங்கு இன்னும் எடுக்கிறார்கள், வங்காளத்து வளையலுக்குப் போகிறது.

மக்களைப் பற்றிக் கேட்டீர்கள். கடற்கரை பரதவர்களுடையது. 1530களில் கத்தோலிக்கரானவர்கள். பர்னாந்து, மச்சாது, டிவோட்டா போன்ற போர்ச்சுக்கீசியப் பெயர்கள் அப்படி வந்தவை. உப்பு, மளிகை, வியாபாரத்தில் நாடார்கள் அதிகம். முஸ்லிம்கள், தேவேந்திரர், பிள்ளைமார், கோனார் என எல்லோரும் இருக்கிறார்கள். சாதி இங்கே இல்லவே இல்லை என்று சொன்னால் அது பொய். வீடு வாடகைக்குக் கேட்கும்போதே உங்களிடம் சுற்றி வளைத்துக் கேட்பார்கள். ஆனால் ஜூலை 26 கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும் பனிமய மாதா திருவிழாவுக்கு யார் வீட்டிலிருந்தும் ஆள் போகும், ஆகஸ்ட் 5 மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. தங்கத் தேர் எல்லா வருடமும் ஓடாது. 2013இல் ஓடியது, அதன்பின் 2023இல்.

ஆலைப்புகை. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தின்போது 2018 மே 22, 23 தேதிகளில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஆலை அந்த மாதமே மூடப்பட்டது, திறக்கக் கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தள்ளியது. ஆலை போனதால் வேலை போனது என்று பின்னூட்டத்தில் எழுதப்போகிறவர்களுக்கு: வேலை போனதும் உண்மை, செத்தவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்பதும் உண்மை. ஊரே வன்முறைக்கூட்டம் என்று அன்றைக்குப் பேசியதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. இன்றைக்கும் தெர்மல், துறைமுகம் பக்கம் நிலக்கரித் தூசி உண்டு. அந்தப் பக்கம் வீடு பார்த்தால் மொட்டை மாடியை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். குழந்தைக்கு வீசிங் இருந்தால் மில்லர்புரம், மூன்றாவது மைல் பக்கம் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ரயில். 1876லேயே ரயில் வந்த ஊர், பெருந்துறைமுகம், விமான நிலையம், அனல்மின் நிலையம் எல்லாம் இருக்கிற ஊர். சென்னைக்கு நேராகத் தினசரி இரவு ரயில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஒன்றுதான். பொங்கல், தீபாவளிக்கு முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் காலி. அருப்புக்கோட்டை வழியாக மதுரைக்குப் புதுப்பாதை என்றார்கள், மீளவிட்டானிலிருந்து மேல்மருதூர் வரை தண்டவாளம் போட்டு அதோடு நிற்கிறது. சரக்கு ஏற்ற வேண்டும் என்றால் இந்த ஊர் நினைவுக்கு வருகிறது, மனிதர்களை ஏற்ற வேண்டும் என்றால் வருவதில்லை. இதை எழுதாமல் என்னால் நகர முடியவில்லை.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை. இரவில் ரோட்டோரப் பரோட்டாக் கடையை நைட் கிளப் என்போம், மனைவி குழந்தைகளோடு தைரியமாகப் போகலாம். மக்ரூன் வாங்கினால் அன்றன்றைக்குச் சுட்டதை, காற்றுப் புகாத டப்பாவில். கடற்காற்றில் திறந்து வைத்தால் சீக்கிரம் பிசுபிசுத்துவிடும். வீட்டில் செய்ய மூன்று முட்டை வெள்ளைக்கரு, 150 கிராம் பொடித்த சர்க்கரை, 150 கிராம் முந்திரி. மஞ்சள் கரு துளி விழுந்தாலும் பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது. நுரை எழும்பத் தொடங்கிய பிறகு சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். முந்திரியை நின்று நின்று பொடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி நுரையை அமுக்கிவிடும். கரண்டியால் மெல்லப் புரட்டி, காகிதக் கூம்பில் பிழிந்து, 100 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேக விடுங்கள். நிறம் மாறக் கூடாது, அது சுடுவதைவிட உலர்த்துவதுதான். அடுப்பை அணைத்தாலும் உள்ளேயே ஆற விடுங்கள்.

வீடு பார்க்க நவம்பரில் மழை பெய்த மறுநாள் வாருங்கள், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். ஜூலைக் கடைசியில் வந்தால் திருவிழாக் கூட்டத்தில் கடற்கரைப் பக்கம் அறை கிடைக்காது. அலுவலகம் துறைமுகம் பக்கமா, சிப்காட் பக்கமா என்று கீழே எழுதுங்கள், எந்தெந்தத் தெருவைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.