ஏழடி ஆள் வந்தால் போதுமா? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்க என்.பி.ஏ. பாஸ்கெட்பாலில் கோபி பிரயண்ட் காலத்திலிருந்தே நான் லேக்கர்ஸ் ரசிகன். 2025 மே 1 காலை, லீவு நாள், வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்க நான் மட்டும் போனைச் சுவரில் சாய்த்து வைத்து மினசோட்டாவோடு நடந்த பிளே ஆஃப் (லீக் முடிந்து வரும் ஏழு ஆட்டத் தொடர்) 5வது ஆட்டத்தைப் பார்த்தேன். மினசோட்டாவின் ரூடி கோபேர் ஒரு ஆள் 27 பாயிண்ட், 24 ரீபவுண்ட் (தவறித் தெறிக்கிற பந்தை எடுப்பது). எங்கள் பக்கம் லுகாவும் லெப்ரானும் இருந்து என்ன பிரயோஜனம்? என் கேள்வி சின்னதுதான். ரீபவுண்ட் பட்டியலில் மேலே இருக்கிற ஏழடி ஆள் ஒருத்தரை வாங்கிப் போட்டால் இந்தப் பிரச்சனை தீர்ந்துவிடாதா? என் மச்சான் (செல்டிக்ஸ் அணி ரசிகன்) ஒரு ஆளால் ஒன்றும் ஆகாது என்கிறான், நக்கல் வேறு.

இன்னொன்று. சாயங்காலம் ஸ்கூல் கிரவுண்டில் ஆடுகிற எங்கள் டீமில் 5 அடி 10 அங்குலத்துக்கு மேல் ஆளே கிடையாது. எங்களுக்கும் இதே வியாதிதான், எதிர் டீம் ரெண்டு தடவை மூணு தடவை போட்டுப் போட்டு ஜெயிக்கிறது. நாங்கள் யாரையும் டிரேட் பண்ண (வேறு அணியோடு ஆள் மாற்றிக்கொள்ள) முடியாது. வழி சொல்லுங்கள்.

(பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

எடுத்த எடுப்பில் மச்சான் பக்கம் சாய்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. முக்கால்வாசி அவன் சொல்வதுதான் சரி. மிச்சக் கால்வாசி உனக்கு உண்டு, பிறகு தருகிறேன்.

முதலில் அந்த ஆட்டம். நீ கோபேரின் 24லேயே நின்றுவிட்டாய். அதே ஸ்கோர் அட்டையில் நான் வேறு இடத்தில் விரல் வைப்பேன். மினசோட்டா அன்றைக்கு 47 த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று பாயிண்ட் ஷாட்) போட்டார்கள், உள்ளே போனது 7. மிச்சம் 40ம் வெளியே. பிளே ஆஃபில் இப்படிப் போட்ட அணி பேசாமல் ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டும், இவர்களோ 103-96 என்று ஜெயித்து தொடரையும் 4-1 என்று முடித்துக்கொண்டார்கள். போட்டது தவறினாலும் பந்து திரும்பத் திரும்ப அவர்கள் கைக்கே வந்தது, அவ்வளவுதான் விஷயம். லேக்கர்ஸ் தடுக்கவில்லை என்று சொல்ல முடியாது, 40 தவறியிருக்கிறதே. ஆனால் தடுத்த பிறகு அந்தப் பந்தை எடுக்க ரிங்குக்குக் கீழே ஆள் இல்லை.

ஏன் இல்லை? 2025 பிப்ரவரி தொடக்கத்தில் லுகா டான்சிச்சை வாங்குவதற்காக ஆன்டனி டேவிஸை டாலஸுக்குக் கொடுத்தார்கள். அதே வாரம் சார்லட்டிலிருந்து மார்க் வில்லியம்ஸ் என்ற சின்ன வயசு சென்டரை (ரிங்குக்குக் கீழே நிற்கும் உயரமான ஆள்) எடுக்க ஒப்பந்தம் போட்டார்கள், மருத்துவப் பரிசோதனையில் திருப்தி இல்லை என்று அதை ரத்து செய்தார்கள், அதற்குள் டிரேட் கெடு முடிந்து போயிருந்தது. யானை வாங்கினவன் அங்குசத்துக்கு வழியில்லாமல் நின்ற கதை. லுகாவோடு கூடவே வந்த மேக்ஸி கிளீபருக்குப் பாத எலும்பு முறிவு. ஜாக்சன் ஹேய்ஸ் ஆட்டத்தைத் தொடங்குவார், சில நிமிடத்தில் பெஞ்சுக்குப் போய்விடுவார். 4வது ஆட்டத்தில் கோச் ஜே.ஜே. ரெடிக் இரண்டாம் பாதி முழுக்க ஒரே ஐந்து பேரை ஆடவைத்தார், ஒரு மாற்றுகூடக் கிடையாது, அந்த ஐவரில் 40 வயது லெப்ரானும் ஒருவர். 116-113 என்று தோற்றார்கள். ரெடிக்கைத் திட்டாதவர்கள் இல்லை. திட்டலாம்தான், ஆனால் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தால் அங்கே உட்கார்ந்திருந்தது யார் என்பதையும் பார்க்க வேண்டும் இல்லையா.

பெஞ்ச் பலம் என்பதை நிமிடக் கணக்காகப் பார். ஆட்டம் 48 நிமிடம். சென்டர், பவர் ஃபார்வர்டு என்று உள்ளே இரண்டு இடம், ஆக 96 நிமிடம். முதல் சென்டர் 32 நிமிடம் ஆடினால் அதுவே அதிகம், 6 ஃபவுல் ஆனால் வெளியே, மூன்றாவது ஃபவுல் விழுந்ததுமே கோச் பயந்து உட்கார வைத்துவிடுவார். சீசனுக்கு 82 ஆட்டம், அதில் அடுத்தடுத்த நாள் வருவதும் உண்டு. இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் நிஜமாகவே ஆடக்கூடிய மூன்று பெரிய ஆட்கள், அவசரத்துக்கு ஒரு நாலாவது ஆள் இல்லாமல் ஏப்ரலைத் தாண்ட முடியாது. ஏழடி ஆள் ஒருத்தர் வந்தால் போதும் என்கிறாய். சரி, வந்துவிட்டார், அவர் தண்ணீர் குடிக்க உட்காரும் 16 நிமிடத்துக்கு யார்?

இதைச் சரியாகச் செய்தவர்கள் யார் என்று பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம். டாலஸ், 2024 பிப்ரவரி. முதல் வருட ஆள் டெரிக் லைவ்லி ஏற்கெனவே சென்டரில் இருந்தார். வாஷிங்டனிலிருந்து டேனியல் காஃபர்டையும் சார்லட்டிலிருந்து பி.ஜே. வாஷிங்டனையும் எடுத்துப் போட்டார்கள். இரண்டு பேருமே ஸ்டார் கிடையாது. ஆனால் லைவ்லியும் காஃபர்டும் மாறி மாறி வந்ததில் எப்போது பார்த்தாலும் ரிங்குக்குக் கீழே களைப்பில்லாத ஒரு உயரமான ஆள் நின்றார், அந்த டாலஸ் இறுதிச்சுற்று வரை போனது. போகிற வழியில் அவர்கள் வீட்டுக்கு அனுப்பிய அணிகளில் ஒன்று ஓக்லஹோமா, 57 ஆட்டம் ஜெயித்து மேற்குப் பக்கத்தில் முதலிடத்தில் முடித்த அணி. அவ்வளவு நல்ல அணிக்கு அப்போது ரீபவுண்ட் மட்டும் வரவே வராது, அதில் கடைசி வரிசைதான். செட் ஹோம்கிரன் உயரம்தான், ஆனால் உடம்பு ஒல்லி, இடித்தால் நகர்ந்துவிடுவார். இதில் ஒரு வேடிக்கை, லைவ்லியை 2023 டிராஃப்டில் (புது ஆட்களை அணிகள் வரிசையாக எடுக்கிற நாள்) 12வதாகத் தேர்ந்தெடுத்ததே ஓக்லஹோமாதான், அன்றைக்கே மாற்றிக்கொடுத்துவிட்டார்கள்.

தோற்றதும் அவர்கள் ஹோம்கிரனை விற்கவில்லை, பெரிய பெயர் எதையும் துரத்தவும் இல்லை. நியூயார்க்கில் ஆடிக்கொண்டிருந்த ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனை 3 வருடத்துக்கு 8.7 கோடி டாலர் கொடுத்துக் கூட்டி வந்தார்கள். 2017 டிராஃப்டில் இரண்டாம் ரவுண்டு, 43வது ஆள், ஊர் ஊராக அணி மாறி வந்தவர். ஹோம்கிரனுக்குப் பதிலாக அல்ல, அவரோடு சேர்ந்து ஆட. அப்புறம் நடந்ததுதான் பாடம்: சீசன் தொடங்கும் முன்பே ஹார்ட்டன்ஸ்டைனுக்குக் கை எலும்பு முறிந்தது, நவம்பரில் ஹோம்கிரனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது, மூன்றாவது ஆளான ஜெய்லின் வில்லியம்ஸும் காயத்தில். சில நாள் 6 அடி 5 அங்குல ஜேலன் வில்லியம்ஸ்தான் சென்டர் இடத்தில் நின்று ஆட்டம் தொடங்கும் பந்துக்குக் குதிக்கப் போனார். அதன் பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், 68 ஆட்டம் ஜெயித்தார்கள், 2025 கோப்பையும் அவர்களுக்கே. இறுதிச்சுற்றில் முதல் மூன்று ஆட்டத்திலும் ஹார்ட்டன்ஸ்டைனைத் தொடக்க ஐவரில் வைக்கவே இல்லை என்பதைக் கவனித்தாயா? இந்தியானா வேகமான அணி என்று சின்ன ஆட்களை வைத்துத் தொடங்கினார்கள், 2-1 என்று பின்தங்கியதும் 4வது ஆட்டத்தில் அவரைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். ஆள் கையில் இருந்தால்தானே இப்படி மாற்றிப் பார்க்க முடியும்.

இப்போது உன் பட்டியலுக்கு வருகிறேன். ரீபவுண்ட் பட்டியலில் மேலே இருப்பவரை வாங்கு என்கிறாய். 2010-11 சீசனில் அந்தப் பட்டியலில் முதல் ஆள் கெவின் லவ், ஆட்டத்துக்கு 15.2. ஒரே ஆட்டத்தில் 31 பாயிண்டும் 31 ரீபவுண்டும் எடுத்தது அந்த வருடம்தான். அவர் அணி 82ல் ஜெயித்தது 17. லவ் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை, நல்ல ஆட்டக்காரர், பின்னால் கோப்பையும் வாங்கினார். ஒரு ஆள் கையில் எத்தனை பந்து விழுந்தது என்பது வேறு, அவர் களத்தில் இருக்கும்போது அணிக்கு எத்தனை பந்து வந்தது என்பது வேறு. நான் ஆள் எடுக்கிற இடத்தில் இருந்தால் இரண்டாவதைத்தான் கேட்பேன்.

அதற்கு ஆளைச் சொல்லச் சொன்னால் யோசிக்காமல் ஸ்டீவன் ஆடம்ஸ் என்பேன். 2016-17ல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 10.7 ரீபவுண்ட் எடுத்து டிரிபிள் டபுள் சராசரியோடு (பாயிண்ட், ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் பத்துக்கு மேல்) எம்.வி.பி., அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது, வாங்கினாரே, அந்த ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார். ஷாட் கிளம்பியதும் ஆடம்ஸ் பந்தைப் பார்க்கமாட்டார், எதிராளியின் சென்டரைத் தேடுவார். முன்கையால் அவன் நெஞ்சைத் தொட்டு இடம் கண்டுகொள்வார், ஒரு காலை ஊன்றித் திரும்பி முதுகை அவன் மேல் சாய்த்து இடுப்பைத் தாழ்த்திப் பின்பக்கத்தை அவன் தொடையில் பதிப்பார், இரண்டு கையும் மேலே, பிடித்தால் ஃபவுல். அவ்வளவுதான், அவன் அங்கேயே நின்றுவிடுவான். பந்து காலியான இடத்தில் விழும், வெஸ்ட்புரூக் ஓடி வந்து எடுத்துக்கொண்டு அப்படியே அடுத்த பக்கம் பறப்பார். கணக்கில் ரீபவுண்ட் வெஸ்ட்புரூக் பெயரில் ஏறும். ஆடம்ஸுக்கு அந்த வருடம் 8கூட இல்லை. பின்னால் ஹூஸ்டனில், 2024-25ல், சராசரியாக 14 நிமிடம் போல மட்டும் ஆடினார், ஹூஸ்டன் எதிர் ரிங்கில் ரீபவுண்ட் எடுப்பதில் லீகிலேயே முதலிடம். முதல் சுற்றில் கோல்டன் ஸ்டேட்டிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மச்சான் சொல்வான்.

இதில் சந்தோஷமான செய்தி, இந்த மாதிரி ஆட்கள் விலை மலிவு. 27வதாக எடுக்கப்பட்ட டென்னிஸ் ராட்மன் தொடர்ந்து 7 சீசன் ரீபவுண்டில் முதல் ஆள், உயரம் 6 அடி 7. பென் வாலஸை டிராஃப்டில் யாரும் எடுக்கவே இல்லை, 2004ல் டெட்ராய்ட் கோப்பை வாங்கியபோது நடுவில் நின்றவர் அவர். கெவன் லூனி 30வது ஆள், 2022ல் மெம்பிஸைத் தோற்கடித்து அனுப்பிய 6வது ஆட்டத்தில் 22 ரீபவுண்ட். பாயிண்ட் போடுகிறவனுக்குத்தான் கோடி கோடியாகக் கொட்ட வேண்டியிருக்கிறது, முதுகைக் கொடுத்து இடிபடுகிறவனை யாரும் அவ்வளவாகத் தேடுவதில்லை.

உன் கால்வாசி: உயரம் பொய் இல்லை. கோபேர் 7 அடி 1, ஹார்ட்டன்ஸ்டைன் 7. எல்லோரும் ஒழுங்காக ஆளைத் தடுத்து நிற்கிற பிளே ஆஃபில் கடைசியில் கை நீளம்தான் பேசும், ராட்மன்கள் தலைமுறைக்கு ஒருத்தர். லேக்கர்ஸும் 2025 கோடையிலேயே டீஆண்ட்ரே அய்டனை எடுத்தார்கள், 2018 டிராஃப்டின் முதல் ஆள், நீ கேட்ட மாதிரியே ஏழடி. நான் அங்கே இருந்தால் அய்டனோடு நிற்க மாட்டேன். இடிபட அஞ்சாத ஒரு இரண்டாவது சென்டர், குறைந்த சம்பளத்தில், 15 நிமிடத்துக்கு. அவரை பிப்ரவரி கெடுவின் கடைசி நாளில் தேடக்கூடாது, ஜூலையிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். அப்புறம் த்ரீ அதிகமானதால் பந்து தூரம் தெறிக்கிறது, சென்டர் கைக்கு வருவதே இல்லை, ஆகவே ரீபவுண்டுக்கு ஓடி வருகிற கார்டு (வெளியே ஆடும் உயரம் குறைந்த ஆள்) வேண்டும். நியூயார்க்கின் ஜாஷ் ஹார்ட் ஆறரை அடிகூடக் கிடையாது, 2024-25ல் 9.6 எடுத்தார். லுகாவே நல்ல ரீபவுண்டர்தான், ஷாட் போனதும் கையைத் தூக்கி ரெஃப்ரீயைப் பார்க்காமல் இருந்தால்.

சரி, உங்கள் டீம். உயரமான பையன் ஒருத்தன் கிடைத்தாலும் நம் பக்கம் வாலிபால்காரர்கள் விட்டு வைப்பதில்லை, தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை இதே கதைதான், அதனால் அந்த ஆசையை விடு. 5 அடி 10 போதும், ஆனால் ஐந்து பேரும் செய்ய வேண்டும். ஷாட் கிளம்பினதும் ஆளுக்கு ஒருத்தனைத் தொட்டு முதுகைக் கொடுக்க வேண்டும், பந்து தரையில் விழுந்தாலும் பரவாயில்லை, ஓடி எடுத்துக்கொள்ளலாம். பிராக்டிஸில் இதையே விளையாட்டாக வை: ஒருத்தன் வேண்டுமென்றே தவறவிட வேண்டும், மூன்று பேர் மூன்று பேரைத் தடுக்க வேண்டும், பந்து யாரும் தொடாமல் தரையில் ஒரு தடவை குதித்தால்தான் தடுத்தவர்களுக்கு மார்க். வலது மூலையிலிருந்து போட்டது தவறினால் பெரும்பாலும் இடது பக்கம்தான் போகும், அங்கே ஒரு ஆள் எப்போதும் நிற்க வேண்டும், உங்களில் சோம்பேறி யாரோ அவனை அங்கே போடாதே.

ராட்மன் வார்ம் அப்பில் ஷாட் போடாமல் மற்றவர்கள் போடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார், யார் பந்து எத்தனை சுற்று சுழல்கிறது என்று எண்ணுவார் என்று அவரோடு டெட்ராய்ட்டில் ஆடிய ஐசயா தாமஸ் சொல்லியிருக்கிறார். நீங்கள் எண்ண வேண்டியது வேறு. உப்புக் காற்றில் உங்கள் ரிங் துருப்பிடித்திருக்கும், போல்டு லூசாக இருந்தால் பந்து பட்ட இடத்திலேயே செத்துக் கீழே விழும், இறுகிக்கிடந்தால் தூரம் தெறிக்கும். இரண்டு பக்க ரிங்கும் ஒரே மாதிரி இருக்காது. ஆட்டத்துக்கு முன்னால் பத்துப் பந்து போட்டுப் பார்த்து எந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று முடிவு பண்ணு. கச்சான் காற்று ஏறின சாயங்காலம் காற்றோடு போடுகிற பந்து எல்லாம் நீளமாகப் போகும், அன்றைக்கு ரிங்குக்குக் கீழே கூட்டம் போடாமல் இரண்டடி வெளியே நில்லுங்கள். வெளியூர் டீமுக்கு இது தெரியாது.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கு. எதிர் டீம் தவறவிட்டு மறுபடி எடுத்துப் போட்ட பாயிண்டை மட்டும் தனியாக எழுது, அந்த நேரத்தில் யாருடைய ஆள் எடுத்தான் என்று பெயரோடு. ஆட்டம் முடிந்ததும் சத்தமாக வாசி. ஒரு மாதம் போனதும் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அண்ணன்